கம்பித் தட்டுக்குக் கீழே

இரண்டு ஆரஞ்சைத் தோலோடு வேகவை,
இரண்டு மணி நேரம், என்கிறது தாள்.
தோலோடா?
மறுபடி படித்தேன்.
தோலோடுதான்.

பெர்கனில் மழைக்கு இது பத்தாவது நாள்.
சமையலறைக் கண்ணாடி முழுக்க ஆவி.
நான் டிராம் கதவுகளைப் பழுதுபார்ப்பவன்.
ஒரு கதவு ஏன் மூடவில்லை என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
அடுப்புக்குள் போன கேக்
எதையும் சொல்வதில்லை.

ரான்வெய்க் நாளை வருகிறாள்,
ஸ்டாவங்கரிலிருந்து பேருந்தில்,
இரண்டு படகு ஏறி இறங்கி.
பதினொரு வயது.
ஆறு நாள்.
வக்கீல்கள் எண்ணிக் கொடுத்த ஆறு நாள்.

'சாக்லேட்டும் ஆரஞ்சும் உனக்கு இன்னும் பிடிக்குமா?'
அலைபேசியில் தட்டினேன்.
'இன்னும்' என்ற சொல்லை அழித்தேன்.
பிறகு மிச்சத்தையும்.

கசப்பு போகட்டும் என்று
நடுவில் தண்ணீரை மாற்றினேன்.
வெந்த பழம் உள்ளங்கையில் தொய்ந்து கிடந்தது
காய்ச்சல் பிள்ளையின் கன்னம் போல.
இல்லை, அப்படியெல்லாம் இல்லை,
பழம் பழம் போலத்தான் இருந்தது.
விதை பொறுக்கித் தோலும் சதையுமாய் அரைத்தேன்.
ஆறு முட்டை, பாதாம் மாவு, கொக்கோ,
சர்க்கரை தாளில் சொன்னதைவிட ஒரு பிடி அதிகம்.

வெந்து வந்தது.
நட்டநடுவே வெடிப்பு,
ஒரு விரல் நுழையும்.

கீழ்வீட்டு சிவெர்ட் வெப்பமானி தந்தார்.
வீட்டில் பீர் காய்ச்ச வைத்திருப்பது;
ஈஸ்ட் வாசனை இன்னும் போகவில்லை.
"எதுக்கு?"
"கேக் மேல ஊத்துற சாக்லேட்டுக்கு."
நான் காயில் திருடப் போவதாகச் சொன்னது போலப்
பார்த்தார்.

கிரீமைச் சூடாக்கி
நறுக்கிய சாக்லேட் மேல் கவிழ்த்து
நடுவிலிருந்து சிறு வட்டமாய்க் கலக்கினேன்.
கொஞ்ச நேரம் திரிந்தது போலிருந்தது.
பிறகு சட்டென்று மினுங்கியது,
மழையில் நனைந்த தார்ச்சாலை.
முப்பத்தைந்து டிகிரி வரை காத்திரு.
ஒரே ஊற்று.
பிறகு தொடாதே, தொட்ட இடம் தெரியும்.

தொடவில்லை.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
வெடிப்புக்குள் இறங்கியது, நிரம்பியது,
விளிம்பில் தயங்கியது,
கம்பித் தட்டின் இடுக்கு வழியே
கீழே விரித்த தாளில் சொட்டியது.
வெடித்த கேக் என்று இனி
யாரும் சொல்ல முடியாது.

வந்தாள்.
என் தோள் வரை இருந்தாள்.
போன முறை என் சட்டையின் இரண்டாவது பொத்தான்.
பை, நனைந்த காலணி, ஒரு "ஹாய்".
துண்டு போட்டேன்.
முள்கரண்டியால் ஒரு வாய்.
மென்றாள். நிறுத்தினாள்.

"இதுல ஆரஞ்சு இருக்கா?"

"இருக்கு."

"எனக்குப் பிடிக்காதுப்பா. நாலாம் வகுப்பிலேர்ந்தே."

நாலாம் வகுப்பு.
அந்த வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று
இருவருக்கும் தெரியும்.
குளிர்பெட்டி முனகியது.
கம்ப்ரெசர் போகப் போகிறது,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"பரவால்ல" என்றேன்.
"பரவால்ல" என்றாள்.
தட்டைக் கழுவ எடுத்துப் போனவள்
திரும்பி வரவில்லை.

எட்டிப் பார்த்தேன்.
கம்பித் தட்டைத் தூக்கி ஓரமாய் வைத்துவிட்டு
கீழே தாளில் சொட்டி உறைந்த சாக்லேட்டை
நகத்தால் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.
சின்ன வட்டங்கள்,
ஒன்று நீளமாய், வால் முளைத்தது.
முகவாயில் ஒரு தீற்று.

"இதுல ஆரஞ்சு இல்ல" என்றாள்,
பிடிபட்டவள் போல் அல்ல,
கண்டுபிடித்தவள் போல.

மீதிக் கேக் சிவெர்ட்டுக்குப் போனது.
இரண்டு துண்டு தின்றுவிட்டு
வெப்பமானியை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலை, மழை,
அவள் எழுந்திருக்கவில்லை.
கிரீமைச் சூடாக்கினேன்.
சாக்லேட் நறுக்கினேன்.
புதுத் தாள் விரித்து,
அதன் மேல் கம்பித் தட்டை வைத்து,
தட்டின் மேல் எதையும் வைக்காமல்
ஊற்றினேன்.