பதினாறாவது ஆள்

முதலில் உச்சியில்தான் வைத்தேன்.
திரையின் மேல் விளிம்பில் ஒரே ஒரு பட்டை,
எந்த ஜன்னல் திறந்தாலும் மெனு அங்கே.
எவ்வளவு வேகமாய்த் தள்ளினாலும்
அம்பு விளிம்பைத் தாண்டி ஓடாது,
வரப்பில் முட்டிய தண்ணீராய் நிற்கும்,
குறிபார்க்க வேண்டியதே இல்லை என்று
திருவாரூர் லாட்ஜில் உட்கார்ந்து
எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

கோட்டூருக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில்
இலஞ்சியம் தள்ளினார்.
அம்பு பாதி வழியில் நின்றது.
மேசையில் அவருக்கு மிச்சம் ஒரு சாண்.
அதற்கப்பால் சாக்குத் தைக்கும் சணல்,
ஈரப்பதம் பார்க்கும் மிஷின், டீ கிளாஸ்,
அடங்கல் நகல்களின் கட்டு.
மவுஸைத் தூக்கி, பின்னால் வைத்து, தள்ளி,
மறுபடி தூக்கி,
இறைகூடை போடுகிற மாதிரி இருந்தது.
"ஏன் சார் இவ்வளவு ஒசரத்துல?"
பழகிவிடும் என்றேன்.

பழகியும் விட்டது. அதுதான் வினை.

ஐப்பசி. தூறலாமா வேண்டாமா என்று
வானம் இழுத்தடித்த ஒரு மதியம்.
இடது ஜன்னலில் சன்னரகம், வலதில் பொதுரகம்.
மெனு ஒன்றுதான்;
கடைசியாகத் தொட்ட பக்கத்தின் பேச்சை அது கேட்கும்.
இலஞ்சியத்தின் கண் இடப்பக்கம்,
சோதனைக்கென்று நான் போட்டு
அழிக்க மறந்த பொய்ப் பட்டியலில்.
மெனுவின் காது வலப்பக்கம்.
பட்டியலை நீக்கு.
உறுதியா?
ஆம்.

பொதுரகத்தில் நாற்பத்து மூன்று பேர் இல்லை.
பக்கிரிசாமி, நூற்றுப் பன்னிரண்டு சிப்பம்,
ஈரம் பதினாறரை, இல்லை.
அவர் நெல் மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் அப்படியே.
அவரும் இருந்தார்,
இரும்புக் கம்பி போட்ட நிஜ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு:
"எம் பேரு எங்கம்மா போச்சு?"

இரவு பத்தரை வரை துண்டுச் சீட்டுகளைப் பார்த்து
ஒவ்வொருவராய்த் திரும்ப ஏற்றினார்.
போனில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
"பதினேழாவது ஆளு சீட்டு நனைஞ்சிருக்கு சார்,
அப்பறம் பேசுங்க."

அடுத்த வாரம் மெனுவைக் கீழே இறக்கினேன்.
அவரவர் ஜன்னலுக்கு அவரவர் மெனு,
வயலுக்கு வயல் வாய்மடை.
இனி ஒன்றின் தண்ணீர் இன்னொன்றில் பாயாது.
சொல்லும்போதே எனக்குப் பெருமை.

இலஞ்சியம் திரையில் விரல் வைத்து எண்ணினார்.
"முன்ன பதினாறு பேரு தெரிஞ்சாங்க.
இப்ப பதினாலு.
ரெண்டு பேரு மெனுவுக்கு அடியில போயிட்டாங்க."

பழைய சதுர மானிட்டர்.
எழுத்தைச் சுருக்கினால் அவர் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது.
வெளியே அந்த இருவரும் வரிசையில் நிற்கிறார்கள்,
உள்ளே அவர்கள் தலைமேல்
கோப்பு, திருத்து, பார்வை, உதவி.
உதவியை இதுவரை யாரும் தொட்டதில்லை.

"தெனம் தொடுறது நாலே நாலு.
பேரு, எடை, ஈரம், ரசீது.
அத மட்டும் கைகிட்ட வைங்க. மத்ததெல்லாம்..."
லாரி வந்துவிட்டது. முடிக்காமலே எழுந்துபோனார்.

பஸ்ஸுக்காக முள்ளியாற்றுப் பாலத்தில் நின்றேன்.
பக்கத்து வாய்க்காலில் ஒரு மதகு.
பலகை இருந்தது, தண்டு இருந்தது, மரை இருந்தது.
திருகும் கைப்பிடி மட்டும் இல்லை.
லஸ்கர் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாராம்.
தூண்டிலில் மண்புழு கோத்துக்கொண்டிருந்த பையன் சொன்னான்:
"வேணும்னா போயி கேக்கணும்.
கேட்டா, ஏன்னு ரெண்டு தடவ கேப்பாரு."

பாலத்துச் சுவரில் லேப்டாப்பைத் திறந்தேன்.
நீக்கு என்பதைப் பிடுங்கி
மூன்று கதவு தாண்டி உள்ளே வைத்தேன்.
உதவியை எடுத்தேன். பார்வையை எடுத்தேன்.
ஒரு வரி விடுபட்டது.
அதில் பதினைந்தாவது ஆள் தெரிந்தார்.

பதினாறாவது ஆளுக்கு
இன்னும் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
மன்னார்குடி பஸ் போய்விட்டது.