செவ்வாய்க்கிழமை வசூல்

சார், ஈரச் சட்டையோடு கட்டிலில் உட்காராதீர்கள்.
இந்தச் சாக்கைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் வாருங்கள்.
தேவாலா ரோட்டில் மரம் விழுந்தால்
பந்தலூரிலிருந்து ரம்பத்தோடு ஆள் வருவது காலையில்தான்.
கரண்ட் அதற்கும் பிறகு.
அதுவரை ஆட்டம்.

கூடலூர்ச் சந்தையில் நூற்றிருபதுக்கு வாங்கியது.
விதி எழுதிய தாள் சீனத்தில் இருந்தது.
படத்தில் தீவு, கப்பல், ஒற்றைக்கண் கொள்ளைக்காரன்.
எங்களுக்குக் கடல் என்றால்
என் மாமனார் தலைமன்னாரில் ஏறி
விடிய விடிய வாந்தி எடுத்த ஒரு ராத்திரி, அவ்வளவுதான்.
பெயர்களை மாற்றிவிட்டோம்.
கப்பல் நிற்கிற இடம் ஸ்டோர்.
குகை, பெரட்டுக்களம்.
பொக்கிஷப் பெட்டி வரைந்த நடுக்கட்டம்
லயத்தில் எட்டாம் நம்பர். அதாவது இந்த வீடு.

கூட வந்த காகிதக் காசு முதல் மழையிலேயே ஊறிப்போனது.
இப்போது இருப்பவை
செல்லாத இருபத்தைந்து பைசா பதினாறு,
விளிம்பு நெளிந்த இலங்கைப் பத்துச் சதம் ஒன்பது,
மீதிக்குச் சட்டைப் பொத்தான்.
எல்லாம் ஒரே மதிப்பு. ஏன் என்று கேட்காதீர்கள்,
இரண்டு நாள் பேசாமல் இருந்து எடுத்த முடிவு.

சின்னவள் சுகிர்தாதான் பேங்க்.
அவளுக்கு எண்ணத் தெரியாத வயதில் அமர்த்தினோம்,
ஓரவஞ்சனை இருக்காது என்று.
இப்போது எண்ணுகிறாள். கொஞ்சம் ஜாக்கிரதை.

கட்டையை உருட்டுங்கள், விழுந்ததை நடங்கள்.
நின்ற இடத்தில் காசு கிடந்தால் எடுக்கலாம்.
எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.
புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் பிடிபடாது.
ஐந்துக்கு மேல் கையில் சேர்ந்தால்
விழுந்ததில் பாதிதான் நடக்க முடியும்.
என் மூத்தவன் தினகர் வைத்த விதி:
கொழுந்து நிறைந்த கூடையோடு நான் மேடேறுவதைப் பார்த்து வைத்தான்.

மூன்றாம் வளைவில் அட்டை.
காகித அட்டை இல்லை, கடிக்கிற அட்டை.
அங்கே நின்றால் ஒரு சல்லி போகும்,
போனது தெரியாமல் போக வேண்டும்.
அதனால் நீங்கள் பார்க்காத நேரம் பார்த்துப்
பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

யானைக் கட்டத்தில் யார் கால் வைத்தாலும்
எல்லோரும் காசைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு
வீட்டுக்கு ஓட வேண்டும்.
பொறுக்கக் கூடாது.
வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த காசுதான் கணக்கு,
வழியில் எவ்வளவு வைத்திருந்தீர்கள் என்பது பேச்சு.

கடனா?
உண்டு சார், கடன் இல்லாமலா.
வட்டி கிடையாது.
தீர்கிறவரை இடக்கையால் உருட்ட வேண்டும்.

இவர் சிரிப்பார் என்றே எனக்குத் தெரியாது,
இரண்டு வருஷமாகத் தவணைக்கு வருகிறார்.

கிடந்ததையெல்லாம் எடுத்தார். பதினொன்று.
மூன்று விழுந்தால் ஒன்றரையா என்று கேட்டு
அரைக் கட்டத்தில் நிற்க முடியுமா என்று தினகரோடு வாதாடினார்.
சுகிர்தா உருட்டியதில் யானை வந்தது.
குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.
"பொறுக்கக் கூடாது" என்று நாங்கள் கத்திய சத்தம் அடங்கும்போதுதான்
வெளியே நாய்கள் குரைப்பதை நிறுத்தியிருந்தது தெரிந்தது.

விளக்கை ஊதினேன்.
மூங்கில் ஒன்று மெதுவாக முறிந்தது.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் கீழே.
இருட்டில் யார் மூச்சு யாருடையது என்று தெரியவில்லை.
பதினொரு குழுவின் பணம் இருந்த பை
அவர் மடியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.
அவர் கை அதைத் தேடவில்லை.
என் சின்னவளின் தலைமேல் இருந்தது.

போன பின் விளக்கேற்றினோம்.
யார் முறை என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.
முதலிலிருந்து ஆடினோம். தோற்றார்.
பேங்குக்கு நான்கு காசு பாக்கி.

காலையில் ரம்பச் சத்தம் கேட்டதும் சட்டையை உதறிப் போட்டார்.
தவணை ஆயிரத்து இருநூற்று அறுபது,
எண்ணித்தான் வாங்கினார், இரண்டு முறை.
அட்டையை முட்டியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.
சுகிர்தா வாசலில் நின்று
அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நொடி யோசித்து
பேனாவை இடக்கைக்கு மாற்றினார்.
கையெழுத்து ஓணான் ஓடியதுபோல் இருக்கிறது.
ஆபீசில் கேட்டால் என்ன சொல்வாரோ.