இலவசம்

நாலு இடம் பார்த்தால் நாலு முத்திரை,
நாலும் விழுந்தால் ஒரு பென்சில்.
அந்தப் பென்சிலுக்காகவே மிதுனா
டூங்காபியிலிருந்து மூன்று மணி நேரம்
காரில் வாந்தி எடுக்காமல் வந்தாள்.

மே மாதக் குளிர். ஆட்டுச் சந்தை ஊர்.
பூட்டியதையெல்லாம் வருடத்தில் இரண்டு நாள்
திறந்துவிடுவார்களாம், காசில்லாமல்.
வங்கியில், தங்கம் நிறுத்த தராசில்
ஒரு பெட்டி தீக்குச்சி நிறுத்துக் காட்டினார்கள்.
ரயில் சிக்னல் அறையில் இவர்
நெம்புகோலை இழுக்கலாமா என்று கேட்டு, இழுத்து,
தூரத்தில் ஒன்றும் அசையாததைக் கண்டு
முகம் வாடினார்.
தேவாலயத்தில் பிஸ்கட்.
மூன்று முத்திரை.

நாலாவது, பழைய பொலிஸ் நிலையத்தின் பின்புறம்
ஜன்னலில்லாத ஒரு கல் அறை.
(சேர்த்து எழுதினால் வேறு பொருள்.)
நெஞ்சில் ஒட்டத் தந்த சீட்டில்
தவரூபன் என்பதை ரூபன் என்று பாதி எழுதினார் இவர்.
வழிகாட்டி லெஸ், கம்பளித் தொப்பிக்காரர்,
"குடிகாரர், ஆடு திருடியவர், ஒருமுறை ஒரு பாதிரியார்" என்றார்.
சிரித்தோம்.
"ஒரு நிமிடம் உள்ளே இருந்து பார்க்க யாருக்கு ஆசை?"
பிள்ளை கையை உயர்த்திவிட்டாள்.

ஒன்பது பேர். இவர் கடைசி.
செருப்பைக் கழற்றப் போகிறவர்போல
வாசலில் ஒரு கணம் குனிந்து, பிறகு வந்தார்.

இரும்புக் கதவு. இருட்டு. சிரிப்பு.
ஒரு நிமிடம்.
பிறகு சாவி திரும்பவில்லை.

வெளியே லெஸ் மன்னிப்புக் கேட்டார், எண்ணெய்க்கு ஓடினார்.
எழுபது வயது ஓட்டம், கேட்டது.
கைபேசிகள் ஒவ்வொன்றாய் ஒளிர்ந்தன. சிக்னல் இல்லை.
பச்சை அங்கிக்காரி தன் மூச்சை எண்ணத் தொடங்கினாள்.
ஒருவர் தோளால் கதவை இடித்தார்,
கதவு அவரைத் திருப்பி இடித்தது.
யாரோ மணி கேட்டார். உடனே மறுபடி கேட்டார்.

அப்போது இவர் குரல்,
வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கும் அதே குரல்.
பேசியது ஆங்கிலம்தான், எனக்கு இப்படிக் கேட்டது:
"எல்லாரும் இருங்கோ. முதுகு சுவரில.
கதவைப் பார்க்காதேங்கோ, பார்த்தால் நேரம் நீளும்.
ஒரு லைட் காணும், மற்றதை நூருங்கோ."

இருந்தார்கள்.
என் கைப்பையில் ஆறு மாண்டரின்.
இவருக்கு எப்படித் தெரியும்?
ஒன்றைத்தான் உரித்தார்.
மிச்சம் ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டார்.
ஆளுக்கு ஒரு சுளை.
"மெதுவா. தோலை எறியாதேங்கோ, மணந்து பாருங்கோ."
நூற்றைம்பது வருடச் சுவரில்
தோடம்பழம் மணத்தது.
பச்சை அங்கிக்காரி எண்ணுவதை மறந்துபோனாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம்.
படகில் வந்திறங்கிய பிறகான மூன்று வருடத்தை
'காம்ப்' என்ற ஒரு சொல்லாக மடித்து
கடவுச்சீட்டோடு மேல் லாச்சியில் வைத்திருக்கிறார்.
நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தாலும்
சுளை பங்கிடும் விதத்தையா சொல்லியிருப்பார்?

கதவு திறந்தபோது எல்லோரும் பாய்ந்தார்கள்.
இவர் இருந்து, தோல்களைப் பொறுக்கி,
விதைகளைக் கடதாசியில் மடித்து,
பிறகு வந்தார்.
பத்தாவது சுளை லெஸ்ஸுக்கு.
அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
பதினான்கு நிமிடம் என்றார், மணிக்கூட்டைப் பார்த்து.
"ராணுவமா ரூபன்? தீயணைப்பா? எங்கே பயிற்சி?"

இவர் சுவர்ப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.
கட்டிய ஆண்டு. மூடிய ஆண்டு.
"இதுக்கு ரிக்கற் இல்லைத்தானே?"
"இல்லை, இலவசம்."
"எனக்கும் இலவசம்தான்" என்றார்.
லெஸ் சிரித்தார், சுளையை மென்றபடி.

பென்சில் கிடைத்தது. பச்சை.
முனை சீவியிருக்கவில்லை.

காரில் ஏறியதும் மிதுனா கேட்டாள்:
"அப்பா, அந்த அங்கிள் சொல்ல முதலே
பதினாலு நிமிசம் எண்டு
என்ர காதுக்குள்ள சொன்னீங்கள்.
இருட்டுக்குள்ள எப்பிடி?"

கண்ணாடியைச் சரிசெய்தார்.
அது சரியாகத்தான் இருந்தது.
"பெல்ற்றைப் போடு" என்றார்.