நாற்பது மைலில்

நாலு வருஷம் முன்பு வாங்கியபோது
அடியில் ஸ்டெயின்லெஸ் புகைக்குழாய்,
புது டம்ளர் மாதிரி.
எண்பதுகளில் யாரோ
நல்லெண்ணத்தில் போட்டது.
ஹில்மன் மிங்க்ஸ். உடம்பு ஐம்பத்தொன்பதாம் வருஷத்தது.
குரல் மட்டும் இரவல்.

என் பிழைப்பு காது பார்ப்பது.
மருத்துவமனையில், சத்தம் நுழையாத கூண்டுக்குள்
ஆட்களை உட்கார்த்தி
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்.
கேட்காததற்கும் அழுத்துவார்கள் சிலர்,
மரியாதைக்காக.
இந்தக் காருக்கு நானும் அப்படித்தான்
நாலு வருஷம் அழுத்திக்கொண்டிருந்தேன்.

சேசிஸில் இரண்டு வெற்றுத் துளைகள்,
எந்த போல்ட்டும் கேட்காத இடத்தில்.
அங்கிருந்துதான் ஆரம்பம்.
பழைய ரிப்பேர் புத்தகத்தில் ஒரு கோட்டுப்படம்:
குழாய் அந்த இரண்டிலும் தொங்கிக்கொண்டு
பின் அச்சுக்கு அடியில் நழுவிப் போகிறது.
சத்தம் எப்படி இருக்கும் என்று
படத்தில் இல்லை.
கேட்டவர்கள் யாரும் என்னிடம் சோதனைக்கு வரவில்லை.

சைலன்சர் இங்கிலாந்திலிருந்து
ஆறு வாரம் கழித்து வந்தது.
கறுப்புப் பெயிண்ட் வாசனை, கையில் ஒட்டியது.

சின் மிங்கில், மாடிப் பட்டறையில்
குவெக் அதை ஸ்பானரால் தட்டிப் பார்த்தார்.
‘வெறும் இரும்பு.’
ஆமாம்.
‘நாலு வருஷத்தில் துரு தின்றுவிடும். இந்த ஊரில் காற்றே தண்ணீர்.’
தெரியும்.
‘நல்லதைக் கழற்றி, காசு கொடுத்து, மட்டமானதை மாட்டவேண்டும்?’
சரியானதை, என்றேன்.
மலாயில் ஏதோ சொன்னார்,
என்னிடம் அல்ல, ஜாக்கியிடம்.

அரை அங்குலம் இடித்தது அச்சில்.
சாக்பீஸால் கோடு போட்டு, இறக்கி,
நெருப்புக் காட்டி வளைத்து, ஏற்றி,
மறுபடி இறக்கி.
மத்தியானச் சோறு பொட்டலத்திலேயே ஆறியது.
நாலு மணிக்கு இரண்டு போல்ட்டும்
இரண்டு துளைக்குள்ளும்
வற்புறுத்தாமல் போயின.
கையைத் துடைத்துக்கொண்ட குவெக்
டார்ச் வாங்கி, குனிந்து,
இன்னொரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பழைய வண்டிக்கு இந்த நாட்டில்
வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலை.
முப்பத்தொன்றாவது நாளை எடுத்துக்கொண்டு
ஞாயிறு விடியலில் லிம் சூ காங் போனேன்.
நேர் ரோடு. இருபுறமும் மரம், அப்புறம் கல்லறைகள்.
புகார் கொடுக்க ஆள் இல்லை.

முப்பது மைலில் நன்றாகவே பேசியது,
வெற்றிலை அடக்கிய வாய் மாதிரி, கொஞ்சம் மொத்தமாக.
நாற்பதில் வந்தது அது.
தரையிலிருந்து முழங்கால் வழியே ஏறிய முனகல்,
தொண்ணூறு ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே.
கூடவே டாஷ்போர்டுப் பெட்டியின் மூடி
டர்ர்ர் என்று.
நாற்பத்தைந்தில் நின்றது.
குறைத்தேன். டர்ர்ர்.
எதையோ தப்பாக மாட்டிவிட்டோம் என்று
வயிறு சுருங்கியது.

அப்போதுதான் ஞாபகம்.
வாங்கிய வாரம், அதே மூடியின் இடுக்கில்
ஒரு சினிமா டிக்கெட் இருந்தது.
எட்டாய் மடித்து, கல்லாய் இறுகி,
தியேட்டர் பெயர் தேய்ந்து.
அழுக்கு என்று குறடால் பிடுங்கிப் போட்டேன்.

ஸ்டெயின்லெஸ் காலத்தில் அந்த மூடி
ஒரு நாளும் ஆடியதில்லை.
அதற்கு முன்னால் யாரோ, நாற்பது மைலில்,
இதே டர்ர்ர் பொறுக்காமல்
சட்டைப் பையைத் துழாவியிருக்கிறார்.
படம் பிடித்ததோ இல்லையோ,
டிக்கெட் உதவியது.

ஓரங்கட்டினேன்.
கைப்பையின் அடியில் பழைய பார்க்கிங் கூப்பன்,
ஐம்பது காசு, காது கிழிக்காதது.
இரண்டாக, நாலாக.
எட்டாவது மடிப்புக்கு நகத்தால் அழுத்தவேண்டியிருந்தது.

செருகிவிட்டு மறுபடி நாற்பது வைத்தேன்.
முனகல் அப்படியே இருந்தது.
பொத்தானை அழுத்தினேன், இந்தத் தடவை
கேட்டுத்தான்.