சேமிப்பிடம் நிறைந்துவிட்டது

கொழும்பிலிருந்து வந்த தம்பி
நோயாளிக் கட்டிலில் லப்டொப்பை விரிக்கிறார்.
வேறு மேசை இல்லை.
இந்த அறை முன்பு சைக்கிள் கடை;
சுவரின் கிறீஸ் கறை
மூன்று பூச்சுக்கும் மசியவில்லை.

"மாதம் ஒன்பதாயிரம் அக்கா. எல்லாம் இதுக்குள்ள."
எல்லாம் என்றால்
பதிவு, பில், நினைவூட்டல்,
திரையில் சுழலும் ஒரு பெண்ணுடம்பு.
தொட்ட இடமெல்லாம் சிவக்கிறாள்.
என் ஆட்களின் இடுப்பு அவளுக்கு இல்லை.

கரண்ட் போனால்?
"இன்ரநெட் இருந்தால் போதும்."
கரண்ட் போனால் இன்ரநெட் எங்கே இருக்கும் தம்பி?
அவர் சிரிக்கிறார். நானும்தான்.
யூபிஎஸ் என்ன விலை என்று கேட்டேன்.
அது அவர் விற்பதில்லை.

போன ஆடியில், கச்சான் ஊளையிட்ட ஒரு மத்தியானம்,
ஜெஸ்மினா உம்மாவின் தோளில் ஒட்டிய பட்டைகள்
பாதியில் செத்தன.
"சுகமாயிட்டா டொக்டர்?" என்றா.
நான் டொக்டர் இல்லை, பிசியோ என்று
பதினோராவது முறை சொன்னேன்.

அவவையே எடுங்கள்.
அடையாள அட்டையில் ஒரு எழுத்து,
ஆஸ்பத்திரித் துண்டில் சிங்களத்தில் இன்னொன்று,
என் கொப்பியில் காதால் கேட்டது.
உங்கள் பெட்டிக்குள் அவ மூன்று பெண்கள்.
ஒருத்திக்குச் சீனி வருத்தம்,
மற்ற இரண்டு பேருக்கும் அது தெரியாது.
தெரியாதவளின் மரத்த பாதத்தில்
நான் சூட்டுப்பை வைத்தால்?

தம்பி இதைக் குறித்துக்கொண்டார்.
கையில், பேனையால்.

வலி என்றொரு கட்டம். ஒன்று முதல் பத்துவரை.
மூதூர் நவாஸ்தீன் நானா எண் சொல்லமாட்டார்.
"தோணி தள்ளக்க நோகும். சுஜூதுல அதவிட.
மகன் பாத்துக்கிட்டு நிண்டா நோகாது."
இதை எங்கே எழுத?
"குறிப்பு என்று இருக்கு அக்கா.
நூற்றிருபது எழுத்து."

கொப்பிதான் திறம் என்று நான் சொல்லவரவில்லை.
கார்த்திகையில் கூரை ஒழுகி
இரண்டு வருட முழங்கால்கள் நீலமாய்க் கரைந்தன.
பக்கம் பக்கமாக அயன் பண்ணினேன்.
ஒரு நாள் முழுக்க அறையில்
ஈரக் காகிதமும் பிண்டத் தைலமும் மணத்தது.

அவர் போன பிறகு
வாசலில் ஒரு மான்
அவர் தந்த வண்ணப் பிரசுரத்தை
ஆறுதலாக மெல்லுகிறது.
விலைப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

என் மென்பொருள் இந்த போன்தான்.
சுவரில் சாய்த்துவிட்டு நடக்கச் சொல்வேன்.
பங்குனியில் எடுத்ததைப் போட்டுக் காட்டினால்
நானா கேட்கிறார், "இது ஆரு, இப்பிடி இழுக்கிறது?"
ஐம்பத்தெட்டு வயதில்தான்
தன் முதுகைப் பார்க்கிறார்.
அன்றைக்குப் பிறகு வலதுகால் தானாக நேர்ப்பட்டது;
என் கைகள் மூன்று மாதம் சொல்லியும் கேளாத கால்.

இரவில் இதே போன் ஆரபிக்கு விளையாட.
ஒருநாள் மகள் நடையறையில் நொண்டுகிறாள்:
"இது நிலாவெளி அன்ரி. இது ஒற்றைச் செருப்பு அங்கிள்."
அச்சொட்டாக இருந்தது.
சிரித்துவிட்டேன்.
பிறகுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது.
முகத்தை நம்பி அல்ல,
நடையை நம்பித் தந்தவர்கள் அவர்கள்.
அன்றிரவு பூட்டுப் போட்டேன்,
அவளுக்குத் தெரியாத ஒரு எண்.

இன்று நானாவின் கடைசி நடை.
சிவப்புப் பொத்தானை அழுத்த,
சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்கிறது போன்.
எதை அழிக்க?
நாற்பது பேரின் நடை.
ஆரபியின் ஏழாவது பிறந்தநாள், நான்கு நிமிடம்;
அதில் மூன்று நிமிடம் கும்மிருட்டு,
கரண்ட் போய், யாரோ நெருப்புப் பெட்டி தேட,
பாட்டை நிறுத்தாமல் அவள் மட்டும் பாடுகிறாள்.

"நடக்கட்டா?" என்கிறார் நானா.
கதவுப்பக்கம் திரும்பி நிற்கிறார்,
சாரத்தை முட்டிவரை உயர்த்திக்கொண்டு.

கொஞ்சம் பொறுங்க.
இடம் வருது.