கதவுக்கு வெளியே ஏழு கடுகு

எங்கள் மீன் ஆலையில்
நாலாம் நம்பர் எந்திரத்தின் மூளை
எஃகுப் பெட்டிக்குள் இருக்கிறது.
உப்புத்தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற இடம்,
அதனால் ரப்பர் வைத்து இறுக்கிய கதவு,
நாலு திருகு,
திறந்த கணமே மின்சாரத்தை வெட்டும்
காவல் சுவிட்ச் ஒன்று.

உள்ளே ஏழு விளக்குகள்.
எது பச்சை, எது சிவப்பு, எது விட்டு விட்டு
என்பதில் இருக்கிறது நோயின் பெயர்.
பார்க்கலாமென்று திறந்தால்
ஏழும் செத்துப்போகும்.
ஃபிரிட்ஜ் விளக்குக்கு நேர் எதிர்.
மூடினால்
ஒன்றும் அறியாத முகத்தோடு
மறுபடி ஓடும் எந்திரம்.

ஜனவரியில் பதினொரு தடவை நின்றது.
பதினொன்றும் செனோனின் ராத்திரி ஷிஃப்டில்.
"அவன் கை சரியில்லை"
என்றார் ட்ரொண்டுர்,
போலந்துக்காரனுக்குப் புரியாதிருக்க
ஃபாரோ மொழியில்.
செனோனுக்கு அந்த மொழியில்
முப்பது வார்த்தை தெரியும்.
'கை' அதில் ஒன்று.

தலைநகரிலிருந்து
கடலடிச் சுரங்கம் வழியே வந்த எலெக்ட்ரீஷியன்
கதவைத் திறந்தான், இருட்டைப் பார்த்தான்,
மூடினான், பில் எழுதினான்.

கதவில் ஒரு கண்ணாடி ஜன்னல் வெட்டட்டுமா என்று கேட்டேன்.
"ஊசி நுழையும் துளைகூடக் கூடாது, சுன்வா.
ஊசி நுழைந்தால் உப்பு நுழையும்."
அவர் சொன்னதும் நியாயம்தான்.
பம்பு அறைப் பெட்டியில்
செம்பெல்லாம் பச்சைக் களிம்பாய்ப் பூத்ததை
சுரண்டி எடுத்தவள் நான்.

காபி அறை மூலையில்
போன வருஷத்து பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.
இலையெல்லாம் கண்ணாடி நூல் மாதிரி,
அடியில் ஒரு பல்பு எரிந்தால்
நுனியெல்லாம் வெளிச்சம் சொட்டும்.
பல்பு போய்விட்டது. மரம் மட்டும் நின்றது,
எடுத்துப்போட யாருக்கும் மனசில்லாமல்.

பிளேடால் ஏழு இலை அறுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பெட்டியின் விலாவில்
பழைய கேபிள் ஒன்று நுழைந்திருந்த வாய்
அடைபட்டுக் கிடந்தது.
புதுத் துளை இல்லையே!
அதன் வழியே ஏழு நூலையும் இழுத்து,
ஒவ்வொரு நூலின் தலையையும்
ஒவ்வொரு விளக்கோடு முட்டவைத்துக் கட்டி,
வாயைச் சிலிகானால் பூசினேன்.
நூலில் மின்சாரம் போகாது.
நூலை உப்பு தின்னாது.
வெளிச்சம் மட்டும்
வளைவில் மோதி மோதி
இந்தப் பக்கம் வந்து சேரும்.

சேர்ந்தது,
ஏழு கடுகாய்.

மூன்று பத்துக்கு எந்திரம் நின்றது.
செனோன் இரண்டு கையையும் உயரே தூக்கினான்,
தொடவில்லை பார் என்று.
கையுறையிலிருந்து செதில் உதிர்ந்தது.
நான் கையைப் பார்க்கவில்லை.
ஐந்தாம் கடுகைப் பார்த்தேன்.
சிவப்பு, இரண்டு துடிப்பு,
கொஞ்சம் மௌனம்,
இரண்டு துடிப்பு.
கையேட்டைப் புரட்டினால்
வருகிற மின்சாரம் சட்டென்று தாழ்ந்ததாம்.

சுவருக்கு அப்பால்
அப்போதுதான் ஐஸ் எந்திரம்
தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிளம்பியிருந்தது.
இரவுப் படகு கரைசேர்ந்தால் மட்டும் ஓடுவது அது.
பகலில் நிற்கிறவர்களுக்கு
அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

காலையில் ட்ரொண்டுர் வந்தார்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து.
ஏழும் பச்சையாய் இருந்தன.
நான் சொன்னதைக் கேட்டார். பதில் இல்லை.
போய் வெள்ளை டேப் எடுத்துவந்து
ஐந்தாவதன் பக்கத்தில் ஒட்டி
'ஐஸ்' என்று போலிஷில் எழுதினார்.
தப்பான எழுத்து.
செனோன் திருத்தவில்லை.

ஐஸுக்குத் தனி லைன் மே மாதம்தான் வருமாம்.
அதுவரை
படகின் சத்தம் கேட்டதும்
அவனே எந்திரத்தை நிறுத்தி
நாற்பது எண்ணுகிறான்,
சத்தமாய், தன் மொழியில்.

காபி அறையில் மரம்
ஒரு பக்கம் வழுக்கை.
டிசம்பரில் சுவரைப் பார்க்கத்
திருப்பி வைக்கவேண்டும்.