பாதியில் நின்ற பிரசங்கம்

டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில்
மழை ஒரு பருவமல்ல, முகவரி.
சுரங்கம் மூடிய பிறகு பெல்டனில் மிஞ்சியது
எண்ணூறு பேர், ஒரு மதுக்கடை, ஒரு தீயணைப்பு நிலையம்,
பலகைச் சுவரும் தகரக் கூரையுமாய் எங்கள் ஆலயம்.
ஞாயிறு ஆராதனைக்குப் பதினோரு பேர்.
ஐரிஸின் முழங்கால் ஒத்துழைத்தால் பன்னிரண்டு.

காணிக்கைக் கணக்கு என் பொறுப்பு,
அதனால் உள்ளதைச் சொல்கிறேன்:
எங்கள் காசில் ஒரு பூனைக்குக்கூடப் பசியாறாது.
உருளைக்கிழங்கும் கீரையும்
ஹோபார்ட் பக்கத்து ஹ்மோங் விவசாயிகளுடையவை;
பாவ் வாங் நாலு மணி நேரம்
மலைவளைவுகளில் வேன் ஓட்டிக் கொண்டுவருகிறாள்.
இறைச்சி டென்ஸிலுடையது,
"வெட்டியதில் மிஞ்சியது" என்று
வாராவாரம் அதே பொய்யோடு.
அடுப்பு பள்ளிக்கூடத்தினுடையது.
வீடுவீடாய்க் கொண்டுபோய்க் கொடுப்பது தீயணைப்பு வண்டி.
இந்த ஈரத்தில் வேறு என்ன எரியப்போகிறது?
எங்களுடையது ஓர் அறை, சுவரில் ஒரு ப்ளக்.

அந்த ப்ளக்கில் மாட்டியிருக்கும் பெரிய ஃப்ரீசர்
மதுக்கடை லைல் ட்ரெகென்னா கொடுத்தது.
எதிர்ச்சாரியிலிருந்து படிவரை தள்ளிக்கொண்டு வந்தான்,
படியில் நின்று கயிற்றை எங்களிடம் நீட்டினான்.
இருபத்திரண்டு வருடம் முன்பு
அவன் மகனின் அடக்க ஆராதனையில்
அப்போதைய போதகர் ஒரு வாக்கியம் சொன்னார்.
என்ன வாக்கியம் என்று ஊருக்கே தெரியும்.
யாரும் திருப்பிச் சொல்வதில்லை.
இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றான் லைல்.
மிதிக்கவில்லை.

ஃப்ரீசர் உள்ளறையில் இரவும் பகலும் முனகும்.
எங்கள் ஜெபங்களுக்கு அதுவே சுருதிப்பெட்டி.
போதகர் ரொவீனா அந்தச் சுருதியிலேயே பேசப் பழகிவிட்டார்.

பிப்ரவரி. கோடை என்கிறது நாட்காட்டி.
அன்று திமிர்வாதக்காரனை
நாலு பேர் கட்டிலோடு சுமந்து வந்த கதை.
வாசலில் கூட்டம், நுழைய வழியில்லை,
கூரையைப் பிரித்தார்கள், கயிறு கட்டி
மெல்ல மெல்ல...
முனகல் நின்றது.

மின்சாரம் போனதை விளக்கு சொல்லவில்லை,
அந்த மௌனம்தான் சொன்னது.
ரொவீனாவின் வாய் திறந்தபடி இருந்தது.
நூற்று அறுபத்து மூன்று பெட்டிகள்.
கம்பம் விழுந்திருக்கிறது, நாளை மாலைவரை வராது
என்றது தீயணைப்பு ரேடியோ.
ஊரில் ஜெனரேட்டர் இருப்பது ஒரே இடத்தில்.

எதிர்ச்சாரிக் கதவு அதற்குள் திறந்திருந்தது.
மழைக்குள் மனிதர்கள் வரிசையாய் நின்றார்கள்,
ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கே
குடிக்க வந்தவர்களும் அந்த வரிசையில்.
பெட்டிகள் கைமாறின.
மூடிமேல் மார்க்கர் எழுத்து நனைந்து ஒழுகியது:
உப்பில்லாமல், ஹாஸ்கெல்.
இரட்டைப் பங்கு, குழந்தை பிறந்த வீடு.
நாய்க்குப் போடக்கூடாது, மேவிஸ்!

உள்ளே கடைசி ஆள் நான்.
வெளியே முதல் ஆள் லைல்.
நடுவே வாசற்படி.
அவன் கை நீட்ட, நான் கை நீட்ட,
நூறுக்குமேல் எண்ணிக்கை தப்பியது.
ஒரு பெட்டி என் விரலிலிருந்து வழுக்க,
பாய்ந்து பிடித்தான்.
அவன் இடது பூட்ஸின் நுனி
படிக்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டால்
நான் பார்க்கவில்லை.
கணக்கெழுதுகிறவள் எல்லாவற்றையும் எழுதவேண்டியதில்லை.

இளகிப்போன இரண்டு பெட்டிகளை
மதுக்கடை மேசையில் பிரித்துச் சாப்பிட்டோம்.
"எங்கே நிறுத்தினேன்?" என்றார் ரொவீனா.
டென்ஸில், "கூரையில்" என்றான் வாய் நிறைய.
அடுத்த ஞாயிறு வேறு வேதபாகம் வந்துவிட்டது.
அந்த மனிதன் இன்னும்
பிரித்த ஓடுகளுக்கும் தரைக்கும் நடுவே
கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரிக் கணக்கில் ஒரு வரி நிரப்பாமல் கிடக்கிறது:
ஜெனரேட்டருக்கு டீசல், எத்தனை லிட்டர்.
மூன்று முறை கேட்டுவிட்டேன்.
லைல் குவளை துடைக்கிறான்.